பச்சை பூசிய துப்பாக்கி

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம், கையில் வந்த பணத்தில் ஒரு துப்பாக்கி வாங்கியது. ஒற்றைக் குழல் துப்பாக்கி. சங்கரன்கோவிலில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாரைச் சுடுவது? எங்கள் தெருவில் ராத்திரி திருடன் வந்தால்கூட, தறிச் சத்தத்தில் அவனுக்கே தலைவலி வந்து திரும்பிப் போய்விடுவான். "ஒரு எருமையைப் பிடிச்சிருந்தா பாலாவது கறக்கும், இது என்னத்தக் கறக்கும்?" என்று கேட்டேன். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். எனக்குப் புரியாத விஷயங்களில் அவர் செலவழித்த காசுக்குக் கணக்கே கிடையாது. அந்தக் கதையை இங்கே ஆரம்பித்தால் முடியாது.

அந்தத் துப்பாக்கியால் நாங்கள் கண்ட பலன் ஒன்றே ஒன்றுதான். தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்தால் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். வருஷம் தவறாமல் லைசென்சைப் புதுப்பிக்க அலைய வேண்டும். தாய்வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி அது ஜம்மென்று போய்வரும், பின்னாலேயே இவர் போவார். எண்பதுகள் பிறந்த சமயம் அது. தேர்தலுக்கும் குறைச்சல் இல்லை.

நாங்கள் இருந்தது என் தம்பி வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் அவனும் அவன் குடும்பமும், பக்கவாட்டில் அவனுடைய விசைத்தறிக் கொட்டகை. என் தம்பியைக் குறை சொல்லக் கூடாது. இருக்க இடம் கொடுத்தான், வாடகை கேட்கவில்லை. ஆனால் ஓசி இடத்துக்கு ஒரு குணம் உண்டு, அங்கே இருக்கிறவன் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. முதலில், "அத்தான், சும்மாதான இருக்கீக, அந்தத் தறியக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றான். அப்புறம் "அத்தான், நூல் சுத்திப் போட்டாச்சா?" என்று கேட்டான். அதற்கும் அப்புறம் "அத்தான்" என்பதே நின்றுபோய், "நூலு எங்க?" என்பது மட்டும் கேட்டது. இமயமலைப் பனியில் இருபது பேரை வரிசையில் நிறுத்தி அதட்டிய மனுசன், நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்து நடக்கிற ஆளுக்கு மெல்ல மெல்லத் தோள் இறங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி மேல் கோபப்பட முடியாது, சாப்பாடு அவன் போட்டது. அதனால் இவர் மேலேயே கோபப்பட்டேன். காலை காப்பியிலிருந்து ராத்திரி பாய் விரிக்கிற வரைக்கும் கோபப்பட்டேன்.

அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வேலை வந்தது. இவரோடு பட்டாளத்தில் இருந்த ஒரு மலையாளத்துக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். புனலூருக்கும் அப்பால் ஓர் ஊரில் ஒரு பாங்கு, வாசலில் நிற்கக் காவலாள் வேண்டும். பட்டாளத்தில் இருந்தவனாக இருக்க வேண்டும், சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்க வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் துப்பாக்கியோடு மேனேஜர் முன்னால் வந்து நின்றால் வேலை. நிற்காவிட்டால் வேலை இன்னொருத்தருக்கு, அவரும் துப்பாக்கியோடு தயாராக இருக்கிறார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சனியன் பிடித்த துப்பாக்கியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கே முன்கட்டுக்குப் போய், "எங்க வீட்டுக்காரருக்குப் பாங்கில வேலை" என்று தம்பி காதில் விழும்படி இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் அந்த வேலை கிடைக்காமல் போனால், இவர் அந்த நூல்கண்டுக்கு முன்னால் போய் எந்த முகத்தோடு உட்காருவார்? எனக்கு அதுதான் கவலை, ராத்திரியும் பகலும் அதே கவலை.

இவருடைய லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லை தாண்ட வேண்டுமானால் கேரளத்துக்கும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும். அதற்காகத் திருநெல்வேலிக்கு நடையாய் நடந்தார். "துப்பாக்கி என்ன பேசவா போவுது? பேசாம கொண்டுபோங்க" என்றேன். "ஏட்டி, சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குத் தோள் நிமிரும். கடைசி முத்திரை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம்தான் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் என் தம்பி அவன் வேலையைக் காட்டினான்.

ஆயுத பூஜைக்குத் தறிகளுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிப்பது அவன் வழக்கம். அந்த வருஷம் பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அத்தானுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் வேறு. "அக்கா, அந்தத் துப்பாக்கியை எடு, பூஜைக்கு வைப்போம்" என்றான். இரண்டு துண்டாகப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் அடுப்படியில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தறிக்கு அடித்த அதே பச்சையைக் குழல் முழுக்க அடித்து வெயிலில் சாத்தி வைத்திருக்கிறான். வழவழவென்று, கிளிப்பிள்ளை மாதிரி.

"ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"பாங்குக்குப் போற துப்பாக்கிக்கா. துருப்பிடிச்ச மாதிரி இருந்தா மதிப்பானா? ரெண்டு கோட்டிங் குடுத்திருக்கேன்."

நல்லது செய்ய வந்தவனை என்ன சொல்லித் திட்டுவது? இவர் வந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி போனது. "எப்படி அத்தான் இருக்கு?" என்று அவன் பல் முழுக்கத் தெரியக் கேட்டான். ரொம்ப நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த "அத்தான்" அது. "நல்லாருக்கு மாப்ள" என்றார் இவர்.

பூஜை நடந்தது. தறிகளுக்கு நடுவில் துப்பாக்கியைச் சாத்தி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, பொரியும் சுண்டலும் படைத்தாயிற்று. விஜயதசமி காலையில் மறுபூஜையும் ஆயிற்று. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு துப்பாக்கிப் பக்கம் போனேன். தம்பி குறுக்கே வந்து நின்றான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் வைத்த கருவியின் பொட்டை, அது வேலையைத் தொடங்குகிற வரைக்கும் அழிக்கக் கூடாது. தறி என்றால் முதல் இழை ஓடியபிறகு, தராசு என்றால் முதல் பொருள் நிறுத்தபிறகு. "இது பாங்கு வாசல்ல போய் நின்னபிறகுதான் தொடைக்கணும்க்கா. நடுவுல அழிச்சா வேலை தங்காது" என்றான்.

வேலை தங்காது என்று சொன்னபிறகு எவள் துடைப்பாள்? துணியைப் போட்டுவிட்டேன். இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பச்சைத் துப்பாக்கியை எல்லையில விடுவானா?" என்று கேட்டேன். லைசென்சை எடுத்து ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல கலர் என்னன்னு போடலை. நம்பர்தான் போட்டிருக்கு. நம்பரு குழல்ல வெட்டியிருக்கு, தடவுனா கைக்குத் தெரியுது."

இந்த மாதிரி ஒரு மனுசனோடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் நான் சொல்லும் எரிச்சல் புரியும்.

ரயிலில் போயிருக்கலாம். செங்கோட்டைக்கு மேலே மழையில் மண் சரிந்து ரயில் நின்றுபோயிருந்தது. பஸ்ஸுக்குப் போய்க் கேட்டால், "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக, துப்பாக்கியோட ஏறுனா மத்த சனம் இறங்கிரும்" என்று கண்டக்டர் கும்பிட்டுவிட்டார். ஆகவே வாடகைக் கார். தெரிந்த பையன்தான் டிரைவர், என்னை மதினி என்று கூப்பிடுவான். அங்கே போய் இவருக்குப் பொங்கித் தின்ன ஸ்டவ், ரெண்டு பாத்திரம், கொஞ்சம் அரிசி, ஊறுகாய், பெட்டி, படுக்கை. ஒரு அறையில் கொண்டுபோய் இறக்கி அடுக்கி வைத்துவிட்டு அதே காரில் நான் திரும்புவதாகத் திட்டம்.

விடிந்ததும் விடியாததுமாகப் புறப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியை ஏற்றுவதற்குள் வெயில் வந்துவிட்டது. குழல் தனி, கட்டை தனி, இரண்டும் கான்வாஸ் பைக்குள். பை டிக்கிக்குள். டிக்கிச் சாவி இவர் இடுப்பில். தோட்டா வேறு பையில், முன் ஸீட்டில் இவர் காலுக்கடியில். லைசென்ஸ் சட்டைப்பையில், அதற்கு ஒரு ஊக்கு. சந்தனம் உதிரக் கூடாது என்று குழலைச் சுற்றி என்னுடைய பழைய சேலையை வேறு சுற்றியிருந்தார். பெற்ற பிள்ளைகளை அவர் ஒருநாளும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் சுற்றிப் படுக்கவைத்தது கிடையாது.

புளியங்குடி தாண்டுகிற வரைக்கும் டிரைவர் பேசாமல்தான் வந்தான். அப்புறம் அவனால் முடியவில்லை. "அண்ணாச்சி, பள்ளத்துல வண்டி குதிச்சா வெடிச்சிராதுல்லா?" என்றான்.

"தோட்டா இங்கன இருக்கு, துப்பாக்கி அங்கன இருக்கு. எப்படிலே வெடிக்கும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை மாட்டுவண்டி மாதிரி உருட்டினான். பின்னால் பால்காரன் சைக்கிளில் மணி அடித்து எங்களை முந்திக்கொண்டு போனான். மணி என்ன, மணி என்ன என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்குள் போக வேண்டும், போகாவிட்டால் நூல்கண்டு. எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

தென்காசியில் டீ குடிக்க நிறுத்தினோம். நாங்கள் கடைக்குள் போனோம், இவர் வரவில்லை. டிக்கியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே குடித்தார். துப்பாக்கியை ஆளில்லாமல் விடக் கூடாதாம். டிரைவர் கடைக்காரனிடம் பெருமையாக, "டிக்கியில துப்பாக்கி கெடக்குல்லா" என்று சொல்லித் தொலைத்தான். ஒரு நிமிஷத்தில் காரைச் சுற்றி ஒரு கூட்டம். "அண்ணாச்சி, புலியா?" "யானையா?" "சினிமாப் படம் எடுக்காகளா?" ஒவ்வொருத்தருக்கும் இவர் நின்று பதில் சொன்னார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக் கடையில் வைத்துவிட்டு வந்தேன். அதில் பாதி டீ இருந்ததாகப் போகும்போதும் சொன்னார், பிறகு பல வருஷம் சொன்னார்.

செங்கோட்டை தாண்டியதும் டிரைவர் மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். மேல செக்போஸ்ட்ல நாமளா ஒண்ணும் சொல்லாண்டாம். அரிசி கடத்துதோமான்னுதான் பாப்பான். நம்ம பாட்டுக்குப் போயிரலாம்."

எனக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இவர் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் பையன் கியரை மாற்றிப் போட்டுவிட்டான்.

எல்லையில் எங்கள் தமிழ்நாட்டுச் சாவடியில் அவன் சொன்னதுதான் நடந்தது. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "அரிசியா?" என்றார். "சமையலுக்குக் கொஞ்சம்" என்றேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வண்டி நகர்ந்தது. இவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, "சார், எங்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்றார். அந்த மனுசனே பாவம், பதறிவிட்டார். லைசென்சை வாங்கிப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, "சரியா இருக்குல்லா, போங்கய்யா" என்று அனுப்பினார். "பாத்தியா, உண்மையைச் சொன்னா ஒரு வம்பும் இல்லை" என்று இவர் என்னிடம் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலை ஏறிக் கேரளத்துச் சாவடிக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கேயும் கையைக் காட்டிப் போகத்தான் சொன்னார்கள். இவர் அங்கேயும் காலை வெளியே வைத்தார்.

அங்கே இருந்தவர் ஒரு ஏட்டு. நரைத்த மீசை, காதில் பேனா. லைசென்சை வரி வரியாகப் படித்தார். எல்லாம் சரி, துப்பாக்கியைக் காட்டு என்றார். சாவடி வராந்தாவில் மேசைமேல் வைத்து இவர் என் சேலையைப் பிரித்தார். பச்சைக் குழல், சந்தன அப்பல், மூன்று குங்குமப் பொட்டு, வாடிய செவ்வந்திச் சரம். ஏட்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"இது தோக்கோ, சாமியோ?" என்றார். துப்பாக்கியைத் தோக்கு என்பார்கள் அங்கே.

"ஆயுத பூஜை சார்" என்றார் இவர்.

"செரி. நம்பர் எவிடே?"

"இங்கன சார். தடவிப் பாருங்க, கைக்குத் தெரியும்."

"தடவி நோக்கி எழுத ஒக்காது. கண்ணால காணணும்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதைத்தானே நானும் முந்தின நாள் சொன்னேன்! இரண்டு கோட்டிங்கில் நம்பர் வெட்டிய பள்ளமெல்லாம் மேவி மெழுகிக் கிடந்தது. மேலே சந்தனம் வேறு. நம்பர் தெரியாமல் இந்தத் துப்பாக்கி அந்த லைசென்சில் உள்ள துப்பாக்கிதான் என்று அவர் எப்படி எழுதுவார்? சுவரில் கடிகாரம் பத்தைத் தாண்டி நின்றது. டிரைவர் ஓடிப்போய் ஒரு துணியில் பெட்ரோல் நனைத்துக்கொண்டு வந்தான். இவர் வாங்கவில்லை.

"என்ன யோசிக்கீக?"

"மாப்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன். வாசல்ல நிக்கிற வரைக்கும் பொட்டைத் தொடக் கூடாதுன்னு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு சத்தம்! "வாசலுக்குப் போனாத்தானய்யா நிக்க? இங்கனயே நிக்கப் போறீகளா? சட்டம்பீக, வாக்கும்பீக, ஊருல உள்ள எல்லாத்துக்கும் கட்டுப்படுவீக. நூலச் சுத்திச் சுத்தி முதுகு வளைஞ்சிபோச்சே, அதுக்கு என்ன சட்டம் வச்சிருக்கீக?" மலைக்கே கேட்டிருக்கும். சாவடியில் நின்ற லாரிக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "சங்கரநாராயணா, வேணும்னு செய்யலப்பா, பிழைப்புக்காகச் செய்யுதேன்" என்று சொல்லிக்கொண்டு துணியை வாங்கிக் குழல்மேல் கையை வைத்தேன்.

"ஏட்டி, தொடாத!" என்று கத்தினார் இவர். "லைசென்ஸ் எம் பேர்ல இருக்கு. நீ தொட்டாக் குத்தம்!"

ஏட்டு முன்னால் வைத்துச் சொல்கிறார்! இந்த லட்சணத்தில், தம்பி பெயிண்ட் அடித்தபோது அந்தச் சட்டம் எங்கே போனது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏட்டு காதில் விழுந்துவிடப் போகிறதே என்று கடித்து விழுங்கினேன்.

துணியை இவரிடமே கொடுத்தேன். இவர் தேய்த்தார். முதலில் சந்தனம் போயிற்று, பிறகு குங்குமம். பெயிண்ட் இளகிப் பச்சைக் கூழாகக் கையெல்லாம் அப்பியது. மேல்பக்கம் துடைபட்டது, நம்பர் வெட்டிய பள்ளத்துக்குள் இருந்தது வரவில்லை. கூராக ஏதாவது வேண்டும். என் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். இவர் குனிந்து குத்துகிறார், குத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள். பெட்டியோ படுக்கை, ஸ்டவ், பாத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற சாதகம் எங்கள் சாதகம்.

ஏட்டுக்கே பொறுக்கவில்லை. "நிங்க பிடிக்கணும், அவங்க சொரண்டட்டும். ஞான் இவிடே நிக்கிறேன். குத்தம் இல்ல" என்றார்.

அப்படித்தான் நடந்தது. இவர் இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகத் தோண்டினேன். ஊக்கு வளைந்தது, இன்னொன்றைக் கழற்றினேன். எங்கள் இரண்டு பேர் தலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டது. அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கண் நொடிக்கொரு தடவை சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. வேலை போய்விடும் என்று என்னைவிட அவருக்குத்தான் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுசன் அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு தோண்டினேன்.

கடைசி எண்ணும் தெரிந்தது. ஏட்டு லைசென்சில் ஒரு விரல், குழலில் ஒரு விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். தோட்டாவையும் எண்ணிப் பார்த்தார். கார் நம்பர், துப்பாக்கி நம்பர், எங்கே போகிறது எல்லாவற்றையும் நிதானமாகத் தன் நோட்டில் எழுதினார். "பொய்க்கோ" என்றார். போகலாம் என்று அர்த்தம், பொய் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் டிரைவர் பள்ளமும் பார்க்கவில்லை, மேடும் பார்க்கவில்லை. தென்மலை வளைவுகளில் என் ஊறுகாய் ஜாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. நான் மணி கேட்பதை விட்டுவிட்டுச் சாமி பேர் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாங்கு வாசலில் இறங்கியபோது பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், மடியில் நீளமான பை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேனேஜர் இளவயசு. இவர் டிக்கியைத் திறந்து, குழலையும் கட்டையையும் பூட்டி, தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பட்டாளத்துச் சலாம் ஒன்று வைத்தார். குழலில் பாதி இரும்பு, பாதி பச்சை. மேனேஜர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. காகிதங்களைப் புரட்டினார், ஒன்றில் கையெழுத்து வாங்கினார், வாசலைக் காட்டி அங்கே நில்லுங்கள் என்றார். அவ்வளவுதான். இதற்குத்தானா இந்தப் பாடு என்று இருந்தது எனக்கு.

பெஞ்சில் இருந்தவர் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவர் வீட்டிலும் ஒருத்தி முன்கட்டில் போய்ப் பெருமை அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. அவர் போகிற பக்கம் நான் பார்க்கவில்லை.

இவருக்குப் பார்த்து வைத்திருந்த அறை பாங்குக்குப் பின்னால்தான். நானும் டிரைவருமாகச் சாமானை இறக்கி, ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்து, கண்ணாடியைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தோள் நேராக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தத் தோளைப் பார்த்தேன். வழி முழுக்க அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"எப்ப வருவீக?"

"லீவு குடுத்தா வாரேன்." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "சும்மா கிளம்பி வர முடியாது. துப்பாக்கியைக் கண்ட எடத்துல விட்டுட்டு வரக் கூடாது. ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும்."

"தீவாளிக்காவது?"

"பாப்போம்."

கார் வரைக்கும் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. காவல் நேரத்தில் வாசலை விட்டு நகரக் கூடாதாம். கார் திரும்பும்போது பார்த்தேன், கையைக்கூட அசைக்கவில்லை. கண்ணை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்.

வரும்போது வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். டிரைவரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், பச்சை பெயிண்டைத் திட்டினேன். முன் ஸீட்டு காலியாக இருந்தது. டிக்கியில் ஒன்றும் இல்லாததால் கார் லேசாகத் துள்ளித் துள்ளி வந்தது.

சாவடியில் அதே ஏட்டு. கையைக் காட்டி நிறுத்தினார். கார் நம்பரைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார்.

"தோக்கு எவிடே?"

"அங்கனதான் இருக்கு. வேலையில சேத்துட்டு வாரோம்."

"எந்த இடத்துல?" சொன்னேன். "யாரு கையில?" சொன்னேன். "தோட்டா?" அதையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதினார். காலையில் உள்ளே போன துப்பாக்கி இந்தக் காரில் திரும்பி வரவில்லை என்றால் கேட்பது அவர் வேலை. தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் என்னால் முடியவில்லை.

"தோக்கைக் காணும்னு கேக்குதீகளே சார்" என்றேன். "காலையில இந்தக் கார்ல தோக்கு மட்டுமா வந்திச்சு? ஒரு மனுசனும்தான வந்தாரு. அவரைக் காணுமே, அதக் கேக்க உங்க நோட்டுல எடம் இல்லையா?"

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஆள் எவிடே?"

வாயைத் திறந்தேன். காலையிலிருந்து ஓயாத வாய் அது. கண்ணீர்தான் வந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"அண்ணாச்சி வேலையில சேந்துட்டாரு சார்" என்று டிரைவர்தான் பதில் சொன்னான்.